பண்டாரவளைச் சிற்றாலயமும் லயக்காம்பிராவும்: கட்டடங்களை நேரிற் காண்பது குறித்துச் சில சிந்தனைகள்

1

கவிதையொன்றைத் திறனாய விரும்புபவர் தமது மேசையை விட்டு எழவேண்டியதில்லை. நூல் அவரிடம் வருகிறது. இசையை ஒலிப்பதிவிற் கேட்கலாம். ஓவியத்தைக்கூட நல்லதோர் அச்சுப் பிரதியினூடாக ஓரளவுக்கேனும் அறியலாம். கட்டடக்கலை மாத்திரமே இவ்வசதியை எவருக்கும் அளிப்பதில்லை. கட்டடம் நிலத்தில் வேரூன்றியது. அதனை நாடி நாமே செல்லவேண்டும். நிழற்படம் ஒரு கணத்தையும் ஒரு கோணத்தையும் மட்டுமே தருகிறது. வாயிலுக்கு ஏறும் படிகளில் மூச்சு வாங்குவதையும், உள்ளே காலடி வைத்ததும் குளிர் மாறுவதையும், கூரைமீது மழை விழும் ஓசையையும் அது தருவதில்லை. கட்டடக்கலையின் இயல்பான பொருள் இடமும் காலமும் உடலும் கூடிய அனுபவமாகும். எனவே பயணம் என்பது இத்துறைத் திறனாய்வுக்கு வெறும் முன்னுரையன்று. அதுவே அதன் ஆய்வு முறை.

தமிழருக்கு இது புதிய செய்தியன்று. தஞ்சைக்கும் மதுரைக்கும் தில்லைக்கும் தலயாத்திரை சென்றோர் பக்தியோடு கட்டடத்தையும் கண்டே மீண்டனர். அதற்கும் முன்னரே, சென்று வந்தவர் செல்ல இருப்பவருக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை நம்மிடம் தோன்றிவிட்டது. இவற்றுள் மலைபடுகடாம் நமது பொருளுக்கு மிக நெருக்கமானது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு வழிகூறும் அந்நூல், மலைப்பாதையின் இடர்களையும் அப்பாதையோரத்தில் வாழும் மக்களையும் அவர்தம் விருந்தோம்பலையும் விரிவாகப் பேசுகிறது. சேருமிடம் எவ்வளவு சிறப்புடையதாயினும் வழியைக் காணாது சேர்ந்தவன் அதனை முழுமையாகக் கண்டவனாகான் என்பதே அந்நூலின் அமைப்பு உணர்த்தும் உண்மை.

இக்கட்டுரை இவ்வுண்மையை ஊவா மாகாணத்தின் கட்டடங்களோடு பொருத்தி நோக்க முயல்கிறது. புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரின் ஆக்கத்தை நேரிற் காணச் செல்பவர் எந்த அளவுகோலைக் கையிற் கொண்டு செல்கிறார்? அவ்வளவுகோலை வழியிலுள்ள ஏனைய கட்டடங்களுக்கும் அவர் பயன்படுத்துகிறாரா? பயன்படுத்தாவிடின் அவரது திறனாய்வு எத்தகையது? இவையே நாம் எழுப்பும் வினாக்கள்.

2

இலங்கையில் இன்று கட்டடம் காணப் பயணம் செய்வோரை ஈர்க்கும் முதற்பெயர் ஜெப்ரி பாவா என்பதாகும். 1919இற் பிறந்து 2003இல் மறைந்த இவர், முதலில் வழக்கறிஞராகப் பயின்று, பின்னர் இலண்டனிற் கட்டடக்கலை கற்று 1957இற் தகைமை பெற்றவர். பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுணுகங்கைத் தோட்டம், கொழும்பு 33ஆம் ஒழுங்கையிலுள்ள அவரது இல்லம், 1982இற் திறந்துவைக்கப்பெற்ற கோட்டை நாடாளுமன்றம், மாத்தறையிலுள்ள உறுகுணைப் பல்கலைக்கழகம், 1994இல் முற்றுப்பெற்ற கண்டலம விடுதி ஆகியவற்றைக் காண வெளிநாடுகளிலிருந்தும் மாணவர் வருகின்றனர். 2001இல் ஆகாகான் கட்டடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. தமது கட்டடங்களைப் பற்றி அவர் மிகக் குறைவாகவே எழுதினார். இதனாலும் அவற்றை நேரிற் காண்பதன்றி வேறு வழியில்லை என்ற நிலை உருவாயிற்று.

இப்பயணிகளுட் சிலரே ஊவாவை நாடுகின்றனர். ஆயினும் பாவாவின் தொடக்ககால ஆக்கங்களுட் குறிப்பிடத்தக்கதொன்று இங்குள்ளது. பண்டாரவளையில், நல்லாயன் கன்னியர் மடத்துக்காக 1961 - 62 காலப்பகுதியில் எழுப்பப்பெற்ற சிற்றாலயமே அது.

பதுளையிலிருந்து அங்கு செல்பவர் புகையிரதத்திற் செல்வதே நன்று. 1924இற் பதுளையை எட்டிய இப்பாதை ஹாலிஎல, உடுவர, தெமோதரை, எல்ல என மலையைச் சுற்றி ஏறுகிறது. தெமோதரையில் பாதை வளைந்து தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்கிறது. எல்லவுக்கு அருகில் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுப்பப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண இன்று பெருங்கூட்டம் திரள்கிறது. பாலத்தைப் படம்பிடிப்போரின் கருவிகளுட் பின்னணியாக வந்து விழும் தேயிலைச் சரிவுகளில் நீண்ட தகரக் கூரைகள் சிலவும் தென்படும். அவற்றைப் பின்னர் நோக்குவோம்.

சிற்றாலயத்தை அணுகுபவர் முதலில் உணர்வது அதன் அடக்கம். கோபுரத்தால் ஊரை அழைக்கும் தேவாலய மரபு இங்கு இல்லை. சுவர்கள் மலையின் கரடுமுரடான கல்லாற் கட்டப்பெற்றவை. வெளியே நிற்கையில் அவை சரிவின் தொடர்ச்சிபோலத் தோன்றுகின்றன. உள்ளே அதே கல்லின்மேற் படியும் ஒளியின் மாற்றமே பிரதான அலங்காரமாகிறது. பிரான்சின் றொன்சாமில் 1955இல் லீ கோபூசியே எழுப்பிய சிற்றாலயம் அக்காலத்துக் கட்டடக் கலைஞர் அனைவரையும் ஈர்த்திருந்தது. அதன் வெண்சுவர்களும் சிற்பம் போன்ற கூரையும் குன்றின்மேல் நின்று தம்மை அறிவிப்பவை. பண்டாரவளைக் கட்டடமோ தன்னை அறிவிக்க முனைவதில்லை. பிரார்த்தனைக்காக வருபவரின் நடையைத் தாமதப்படுத்துவதே அது செய்யும் பணி. இதனை நிழற்படம் காட்டாது, நடந்தவரே அறிவர்.

இங்கு மற்றொன்றும் நோக்கற்பாலது. இக்கட்டடம் பாவா என்ற ஒரு பெயரால் வழங்கப்படினும் அது ஒருவரின் ஆக்கமன்று. டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னர் 1958இற் கண்டியில் மினெற் டி சில்வாவிடம் பணியாற்ற வந்து, பின்னர் பாவாவுடன் இணைந்து 1967வரை இந்நாட்டிற் பணிபுரிந்தவர். இச்சிற்றாலயம் அவ்விணைப்பின் காலத்தது. பாபரா சன்சோனி, லக்கி சேனநாயக்க, ஈனா டி சில்வா போன்ற கலைஞர் கூட்டமொன்று அக்காலக் கட்டடங்களைச் சூழ்ந்து நின்றது. இவர்கள் அனைவருக்கும் அப்பால், கல்லை உடைத்தவரும் அடுக்கியவரும் உள்ளனர். தஞ்சைப் பெரிய கோயிலிற் குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்னும் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. இருபதாம் நூற்றாண்டு, தன் கற்றச்சருக்கு அந்த இடத்தையும் வழங்கவில்லை. தனிமனித மேதைமை என்னும் கருத்து கட்டடக்கலையில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்ற ஐயம் இவ்விடத்திலேயே எழுந்துவிடுகிறது.

3

பாவாவைப் போற்றும் எழுத்துக்களைத் தொகுத்து நோக்கின் அவற்றில் நான்கு அளவுகோல்கள் திரும்பத் திரும்ப வருதலைக் காணலாம். முதலாவது, நிலத்தை மதித்தல்: பாறையையும் மரத்தையும் சரிவையும் அழிக்காது அவற்றோடு இயைந்து கட்டுதல். இரண்டாவது, காலநிலையை உணர்தல்: அகன்ற இறவாணம், விறாந்தை, முற்றம் ஆகியவற்றால் மழையையும் வெயிலையும் ஆளுதல். மூன்றாவது, உள்ளும் புறமும் ஒன்றையொன்று தழுவுதல்: மனிதர் தனித்திருக்கவும் கூடியிருக்கவும் இடமளித்தல். நான்காவது, காலத்தோடு வளர்தல்: ஒருமுறை கட்டி முடிக்கப்படாது வாழ்பவரின் தேவைக்கேற்ப மாறிச் செல்லுதல்.

இவை சிறந்த அளவுகோல்கள் என்பதில் ஐயமில்லை. இவற்றை ஏற்றுக்கொண்டே நாம் மேலே செல்கிறோம். ஆனால் அளவுகோல் என்பது ஒரு பொருளை மட்டும் அளக்க வைத்திருப்பதன்று. பண்டாரவளைக் கல்லாலயத்தை அளந்த அதே கோலைக் கொண்டு, அதனைச் சூழவுள்ள தோட்டங்களின் லயங்களையும் அளந்து பார்த்தல் வேண்டும்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த காம்பிராக்களின் தொகுதி. ஒரு காம்பிராவின் வழக்கமான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி; அதாவது 120 சதுர அடி. முன்னால் இஸ்தோப்பு எனப்படும் குறுகிய விறாந்தை. சமையலும் பெரும்பாலும் அதனையொட்டியே நடைபெறும். ஒற்றை லயத்திற் காம்பிராக்கள் ஒரு வரிசையாகவும், இரட்டை லயத்தில் முதுகோடு முதுகு சேர்ந்த இரு வரிசைகளாகவும் அமையும். இரட்டை லயத்தின் காம்பிராவுக்குப் பின்புற யன்னல் இருத்தல் இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளரைத் தங்கவைக்க எழுந்த இவ்வமைப்பு, கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும், 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும், 1992இன் பின்னர் அவற்றின் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்ற பின்னரும் அடிப்படையில் மாறவில்லை.

முதல் அளவுகோலால் அளப்போம். லயத்துக்குரிய நிலம் நிலத்தின் இயல்பை நோக்கித் தெரிவு செய்யப்பட்டதன்று. தேயிலைக்கு உதவாத இடமும் கொழுந்து மடுவத்துக்கும் தொழிற்சாலைக்கும் எட்டிய இடமுமே பெரிதும் இதற்கு ஒதுக்கப்பட்டன. இதன் விளைவு என்ன என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நாடு கண்டது. மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. நிலத்தை மதித்துக் கட்டுதல் என்பது அழகியல் நூல்களிற் கவிதை போல ஒலிக்கும் தொடர். மீரியபெத்தையில் அது உயிரின் விலை.

இரண்டாவது அளவுகோல் காலநிலை. பாவா தமது பல கட்டடங்களில் நெளி சீமெந்துத் தகட்டை முதலிற் பரப்பி அதன்மேல் ஓட்டை அடுக்கினார். தகடு ஒழுக்கைத் தடுக்கும். ஓடு வெப்பத்தையும் ஓசையையும் தணிக்கும். எளிய, மலிவான இவ்வுத்தி ஊவாவின் மழைக்கும் வெயிலுக்கும் நன்கு பொருந்தக்கூடியது. லயத்திற்கோ வெறுந்தகரம் மாத்திரமே வாய்த்தது. நண்பகலில் அது கொதிக்கும். இரவிற் குளிரை உள்ளே இறக்கும். பெருமழையில் உள்ளே பேசுவது கேளாது. பள்ளிப் பிள்ளை பாடம் படிக்கும் கூரையும் இதுவே.

மூன்றாவதையும் நான்காவதையும் ஒருங்கே காட்ட வல்ல ஒப்பீடொன்று உண்டு. கொழும்பு 33ஆம் ஒழுங்கையிலுள்ள பாவாவின் இல்லம் தொடக்கத்தில் ஒரே வரிசையில் அமைந்த நான்கு சிறு வீடுகளாகவே இருந்தது. 1958 முதல் ஒவ்வொன்றாக அவற்றைப் பெற்று, சுவர்களைத் திறந்து, முற்றங்களும் ஒளிக்கிணறுகளும் நடைகளும் அமைத்து, ஒரே இல்லமாக அவர் ஆக்கினார். வடிவ நிலையிற் பார்த்தால் அதுவும் ஒரு லயம் போன்ற வரிசையே. நான்கு அலகுகள் ஒருவருக்கு ஆகியபோது அது உலகம் போற்றும் கலையாயிற்று. ஓர் அலகு ஒரு குடும்பத்துக்கு, சிலவேளை இரு குடும்பங்களுக்கு என ஆகியபோது அது லயமாயிற்று. இரண்டையும் வேறுபடுத்துவது வடிவமன்று; சுவரைத் திறக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே. பாவா சுவரை இடிக்க எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. லயத்தில் வாழ்பவர் ஒரு கூரைச்சாய்ப்பை இறக்கவும் தோட்ட நிருவாகத்தின் முகம் பார்க்க வேண்டியிருந்தது. கட்டடம் காலத்தோடு வளரும் என்பது, வளர்ப்பவருக்கு நிலத்தில் உரிமை இருக்கும்போது மட்டுமே உண்மையாகும்.

சொல்லொன்றும் இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. கைவிடப்பட்ட இறப்பர்த் தோட்டமொன்றை 1948இல் வாங்கி, அரை நூற்றாண்டுக் காலம் அதன் மேடுகளைத் தாழ்த்தியும் மரங்களை நீக்கியும் காட்சிகளைத் திறந்தும் பாவா உருவாக்கியது லுணுகங்கைத் தோட்டம். ஊவாவின் மக்களும் தாம் வாழுமிடத்தைத் தோட்டம் என்றே அழைக்கின்றனர். ஒரே சொல் ஒருவருக்கு ஓய்வின் பெயராகவும் மற்றொருவருக்கு உழைப்பின் பெயராகவும் அமைந்துவிட்டது.

4

இவ்விடத்து மூன்று மறுப்புகள் எழலாம்.

முதலாவது, லயம் கட்டடக்கலையே அன்று. அது வெறுங்கட்டடம் என்பது. மிதிவண்டிக் கொட்டிலைக் கட்டடம் என்றும் பேராலயத்தைக் கட்டடக்கலை என்றும் பிரித்த நிக்கலஸ் பெவ்ஸ்னரின் கூற்று 1940களிலிருந்து பலராலும் எடுத்தாளப்பட்டு வருகிறது. அழகு கருதி வடிவமைக்கப்பட்டதே கலை என்பது இதன் சாரம். ஆனால் லயமும் வடிவமைக்கப்பட்டதே. மேற்பார்வைக்கு எளிதாக ஒரு நேர்வரிசை, பெரட்டுக் களத்துக்கு அண்மை, துரை பங்களாவிலிருந்து பார்க்கத்தக்க தாழ்வு, மிகக் குறைந்த செலவு ஆகிய நோக்கங்கள் அதன் ஒவ்வொரு முழத்திலும் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நோக்கம் கீழ்த்தரமானது என்பதால் அது வடிவமைப்பு அல்லாததாகிவிடாது. திறனாய்வு நல்ல ஆக்கங்களை மட்டும் ஆராய்வதெனின் அது புகழ்ச்சியாக மட்டுமே எஞ்சும்.

இரண்டாவது மறுப்பு, லயத்தின் குறைகளுக்குப் பாவாவைக் குற்றஞ்சாட்டுவது முறையா என்பது. முறையன்று, நாம் அவ்வாறு செய்யவுமில்லை. கட்டடக் கலைஞர் தம்மை அழைப்பவருக்கே கட்டுகிறார். ஊவாவுக்கு வெளியே, அப்கொட்டிலுள்ள ஸ்ட்ரத்ஸ்பே தோட்டத்துக்கு 1959 அளவிற் பாவாவின் அலுவலகம் துரை பங்களாவொன்றை வடிவமைத்தது. தேர்ந்த கட்டடக் கலைஞரின் கை மலையகத் தோட்டத்தை எட்டவே இல்லை எனக் கூறமுடியாது என்பதற்கு இது சான்று. அது பங்களாவின் வாயிலோடு நின்றுவிட்டது. அதனை அங்கு நிறுத்தியது ஒருவரின் மனப்போக்கன்று. ஒரு சமூக அமைப்பு. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு வீடு கட்டுமாறு கலைஞரை அழைக்க அக்காலத்தில் யார் இருந்தனர்?

மூன்றாவது மறுப்பு சற்று நுண்மையானது. துயரத்தை அழகியலின் அளவுகோலால் அளப்பது துயரத்தையே அழகுப் பொருளாக்கிவிடாதா என்பது அது. இவ்வச்சம் நியாயமானது. லயத்தின் இஸ்தோப்பில் நிற்கும் மூதாட்டியைப் படம்பிடித்துச் செல்லும் பயணி இதற்கு உதாரணம். ஆனால் நாம் வேண்டுவது லயத்தை இரசிப்பதன்று; அளப்பது. இரசிப்பவர் தூரத்தில் நிற்பார். அளப்பவர் அருகிற் சென்று, வாழ்பவரிடம் அனுமதி கேட்டு, அவர் சொல்வதையும் கேட்கவேண்டும்.

இவ்வளத்தலைக் கட்டடக்கலை எழுத்து செய்யத் தவறியபோது நமது புனைகதை ஓரளவுக்குச் செய்தது என்பது தமிழ் மாணவர் பெருமையோடு நினைக்க வேண்டியதொன்று. ஊவா மண்ணிற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ என்னும் சிறுகதை, ஒரே காம்பிராவில் ஒரு குடும்பம் முழுவதும் உறங்க நேர்வதன் அவலத்தை எடுத்துரைக்கிறது. அதனை வெறுமனே வறுமைக் கதையாகவே நாம் இதுவரை வாசித்து வந்துள்ளோம். அது ஒரு தளவரைபடத்தின் மீதான விமர்சனமும் ஆகும். 120 சதுர அடியில் மறைப்பு இல்லை என்ற உண்மையை எண்ணாற் சொல்வதிலும் கதையாற் சொல்வது வலிமையுடையது. எண்ணும் கதையும் இணையும்போது அவ்வலிமை பெருகும்.

லயத்து மக்கள் வெறும் பலியாட்களாகவே இருந்தனர் என்பதும் முழு உண்மையன்று. இஸ்தோப்பைத் தட்டியால் அடைத்து அறையாக்கியவர்கள், பீலியிலிருந்து மூங்கிலாலும் குழாயாலும் நீர் கொணர்ந்தவர்கள், லயத்தின் முன்றிலிற் கறிவேப்பிலையும் சாமந்தியும் நட்டவர்கள், மாரியம்மன் கோயிலின் முன்வெளியை ஆண்டுதோறும் காமன் கூத்தின் அரங்காக மாற்றியவர்கள் இவர்களே. உள்ளும் புறமும் தழுவுதல் என்று நூல்கள் பேசுவதனை, அதற்கு இடமளிக்காத கட்டடத்திலும் இவர்கள் சிறிதேனும் சாதித்தனர். கட்டடக் கலைஞர் எவருமற்ற இக்கட்டடக்கலையைக் காணவும் பயணம் தேவை.

5

இவ்விடயம் கடந்தகால ஆராய்ச்சியாக மட்டும் நின்றுவிடவில்லை. அண்மை ஆண்டுகளில் மலையகக் குடும்பங்களுக்குக் காணியும் அதிற் தனிவீடும் என்னும் திட்டம் செயற்பட்டு வருகிறது. இந்திய அரசின் உதவியோடு எழும் வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி கொண்டவை. 120 சதுர அடியிலிருந்து 550க்கு, லயத்திலிருந்து தனிவீட்டுக்கு, தங்கலிலிருந்து காணியுரிமைக்கு என்பது சிறிய மாற்றமன்று. இரு நூற்றாண்டு வரலாற்றில் இது ஒரு திருப்பம். இதனை வரவேற்காதவர் இருக்கமுடியாது.

ஆயினும் வரவேற்பு திறனாய்வை நிறுத்திவிடக் கூடாது. ஒரே தளவரைபடம் மேட்டிலும் பள்ளத்திலும் ஒன்றுபோற் பதிக்கப்படின், சரிவை வெட்டிச் சமன் செய்தே அதனைக் கட்டவேண்டும். வெட்டிய சரிவு மீண்டும் மழைக்காகக் காத்திருக்கும். பிள்ளைகள் வளர்ந்து குடும்பம் பெருகும்போது வீடு எப்பக்கம் வளரும்? லயத்தின் நீண்ட முன்றில் தந்த கூட்டுவாழ்வுக்குப் புதிய குடியிருப்பில் இடம் எங்கே? இவ்வினாக்களுக்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. கண்டி வத்தபுளுவையில் 1950களின் பிற்பகுதியில் வீடமைப்புத் திட்டமொன்றை வகுத்த மினெற் டி சில்வா, குடியேற இருந்தவர்களிடம் வினாக்கொத்து வழங்கி அவர்தம் தேவையையும் வழக்கத்தையும் கேட்டறிந்த பின்னரே, மலைச்சரிவுக்கு ஏற்றவாறு வெவ்வேறு வீட்டு வகைகளை அமைத்தார். இந்தியாவின் இந்தூரில் 1980களிற் பாலகிருஷ்ண தோஷி வகுத்த ஆரண்யா திட்டத்தில், வறிய குடும்பங்களுக்குக் காணியும் நீரும் அடிப்படைக் கூறுகளும் வழங்கப்பட்டு, மீதியை அவரவர் காலப்போக்கில் தாமே கட்டிக்கொள்ள வழிவிடப்பட்டது. 1995இல் அது ஆகாகான் விருது பெற்றது. உறுகுணைப் பல்கலைக்கழகத்திற் பாவா செய்ததும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. எளிய பொருள்களாலான, திரும்பத் திரும்ப வரும் அலகுகளைக் குன்றுகளின் போக்குக்கேற்ப இடம்மாற்றி, படிகளாலும் விறாந்தைகளாலும் இணைத்தார். மலிவான அலகு கூட நிலத்தை மதிக்க முடியும் என்பதற்கு அது சான்று. புகழ்பெற்ற கட்டடங்களை நேரிற் கண்டு வருவதன் உண்மைப் பயன் இத்தகைய பாடங்களை ஊவாவுக்குக் கொண்டுவருவதில் உள்ளது.

இறுதியாக ஒரு செயல்முறைக் கருத்து. பண்டாரவளைச் சிற்றாலயம் எழுந்த அதே காலத்திற் பிளெஸ்னரும் சன்சோனியும் சேனநாயக்கவும் அவர்தம் நண்பர்களும் இந்நாட்டின் பழைய விகாரைகளையும் வளவுகளையும் கிராம வீடுகளையும் தேடிச் சென்று அளந்து வரைந்தனர். அவ்வரைபடங்களின் ஒரு பகுதி 1998இல் நூலுருப் பெற்றது. பாவா குழுவினரின் கட்டடங்கள் மரபோடு கொண்ட உறவுக்கு இவ்வுழைப்பு பெரிதும் துணைநின்றது. நமது பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்களில் தோட்டங்களிலிருந்து வந்த மாணவர் பலர் உளர். ஒரு விடுமுறைக் காலத்தில், ஓர் அளவுநாடாவும் வரைதாளும் கொண்டு, தத்தம் ஊரின் ஒரு லயத்தையாவது அவர்கள் அளந்து வரையலாம். ஒவ்வொரு காம்பிராவிலும் எத்தனைபேர் உறங்குகின்றனர், அடுப்பு எங்குள்ளது, நீர் எங்கிருந்து வருகிறது, எந்தச் சுவரை யார் எப்போது மாற்றினர், மாற்ற விரும்பியும் முடியாது போனவை எவை என்பவற்றை மூத்தோரிடம் கேட்டு வரைபடத்தோடு எழுதலாம். லயங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்படும் காலம் இது; இடிக்கப்பட வேண்டியவையே அவை. ஆனால் அவற்றுள் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறியாது அவற்றின் இடத்தில் எழுப்பப்படும் வீடு, பழைய தவறுகளைப் புதிய சீமெந்திற் செய்யும் ஆபத்துடையது. அவ்வரைபடங்கள் வீடமைப்பாளரின் மேசையைச் சென்றடையுமாறு செய்வதும் நமது சங்கங்களின் பணியாதல் வேண்டும்.